துணியின் மூலைவாட்டம்: மதலேன் வியோனேயின் ஆடைக்கலை

பாரீஸ் ஆடைக்கலையின் பெரிய பெயர்களில் பலவற்றுக்கு ஒரு தோற்றம் உண்டு. ஷனேல் என்றால் ஓரங்களில் பட்டி வைத்த கம்பளிச் சட்டையும் முத்துமாலையும், தியோர் என்றால் ஒடுங்கிய இடையும் அகன்று விரியும் பாவாடையும், ஈவ் சான் லோரான் என்றால் பெண்களுக்கெனத் தைத்த ஆண்களின் மாலைநேரக் கோட்டும் உடனே கண்முன் வரும். மதலேன் வியோனே என்ற பெயரைச் சொன்னால் அப்படி எதுவும் வருவதில்லை. அவர் தைத்த உடையை மாட்டியில் தொங்கவிட்டால் உருவமற்றுத் தொய்ந்து கிடக்கும். எது கழுத்து, எது கை என்று கண்டுபிடிக்கவே சற்று நேரம் ஆகும். ஓர் உடல் உள்ளே புகுந்தபின்தான் அது உடையாகிறது. ஆயினும் வெட்டும் தையலும் அறிந்தவர்களிடம் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கைவினைஞர் யார் என்று கேட்டால், ஷனேலின் பெயருக்கு முன்பே வியோனேயின் பெயரைச் சொல்பவர்கள் பலர். பொதுமக்களிடம் மங்கிய பெயரும் தொழிலாளிகளிடம் மங்காத மதிப்பும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதற்குக் காரணம் அவருடைய வேலைமுறையில் இருக்கிறது. அவரிடமிருந்து பின்வந்தோர் பெற்றது துணியைக் கையாளும் ஒரு வழி. வழியைப் படம்பிடித்து விளம்பரத்தில் போட முடியாது.

அவர் வேலைசெய்த உலகத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஓத் குத்யூர் என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைக்கும் உயர்தர ஆடைக்கலை, ஒருவருடைய உடலளவுக்கென்றே, பெரும்பகுதி கையாலேயே தைத்துத் தரும் பாரீஸ் தொழில். சார்ல்ஸ் ஃபிரெடரிக் வொர்த் என்ற ஆங்கிலேயர் 1858இல் பாரீஸில் தம் நிறுவனத்தைத் தொடங்கி, வாடிக்கையாளர் சொன்னபடி தைக்கும் தையற்காரரை, தாமே மாதிரிகளைப் படைத்து முன்வைக்கும் கலைஞராக மாற்றினார். 1868இல் இத்தொழிலுக்கெனச் சங்கம் அமைந்தது. 1945 முதல் அந்தப் பெயரைப் பயன்படுத்தவே சட்டப்படி தகுதி வேண்டும். இந்த உலகின் வெளிப்பக்கம் வரவேற்பறையும் மாதிரிப் பெண்களும் செல்வச் சீமாட்டிகளும். உட்பக்கம் மாடிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஊசி பிடித்த பல்லாயிரம் பெண்கள். தியோரும் சான் லோரானும் வெளிப்பக்கத்து வாசல் வழியாக, வரைபடத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். வியோனே உட்பக்கத்திலிருந்து ஏறி வந்தவர், இந்த வேறுபாட்டை அவருடைய ஒவ்வொரு முடிவிலும் காணலாம்.

அவர் 1876 ஜூன் 22 அன்று லுவாரே மாவட்டத்து ஷில்லர்-ஓ-புவா என்ற ஊரில் பிறந்து, பாரீஸின் எல்லையை ஒட்டிய ஓபர்வில்லியே என்ற தொழிலாளர் புறநகரில் தந்தையிடம் வளர்ந்தார். பன்னிரண்டு வயதுக்குள் பள்ளியை விட்டு ஒரு தையற்கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்க்கப்பட்டார். பதினெட்டு வயதில் திருமணம், பிறந்த பெண்குழந்தையின் மரணம், மணமுறிவு என்று அடுத்தடுத்து நேர்ந்தபின் தனியாக லண்டனுக்குக் கிளம்பினார். அங்கே கேட் ரெய்லி என்ற பெண்மணியின் தையலகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. பாரீஸ் மாதிரிகளை அடியொற்றி ஆங்கிலச் சீமாட்டிகளுக்கு உடை தைத்துக் கொடுத்த கடை அது. பின்னாளில் நகலெடுப்போரை நீதிமன்றத்துக்கு இழுத்த பெண் தொழிலின் நுணுக்கங்களைக் கற்ற இடங்களுள் ஒன்று, பிறர் மாதிரிகளைத் திரும்பத் தைக்கும் கடை. அடுத்தவர் உடையைப் பிரித்துப் பார்த்து அதன் வெட்டைப் புரிந்துகொள்ளும் பழக்கம் அவருக்கு அங்கேதான் கைவந்திருக்க வேண்டும்.

புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரீஸ் திரும்பிய வியோனே, கலோ சகோதரிகளின் நிறுவனத்தில் மூத்தவரான மரி கலோ ஜெர்பேரின் கீழ் சேர்ந்தார். ஜெர்பேர் தாளில் வரைபவர் அல்லர். துணியை மாதிரிப் பெண்ணின் உடலிலேயே நேரடியாகச் சுற்றி, மடித்து, குத்தூசி குத்தி வடிவம் கண்டுபிடிப்பார். அவ்வடிவத்தைக் காடாத் துணியில் வெட்டித் தைக்கக்கூடிய மாதிரியாக்குவது வியோனேயின் பொறுப்பு. கலோ சகோதரிகள் இல்லாவிட்டால் தாம் ஃபோர்டு வண்டிகளையே செய்துகொண்டிருந்திருப்போம் என்றும், ரோல்ஸ் ராய்ஸ் செய்யக் கற்றது அவர்களிடமே என்றும் அவர் பிற்காலத்தில் சொன்னது பலமுறை எடுத்தாளப்பட்ட கூற்று. 1907இல் ஜாக் தூசே என்ற பழம்பெரும் ஆடைக்கலைஞர், தம் நிறுவனத்துக்குப் புத்துயிர் ஊட்டும் எண்ணத்துடன் அவரை அழைத்துக்கொண்டார். வியோனே அங்கே மாதிரிப் பெண்களை இடுப்பிறுக்கி (கார்செட்) இல்லாமல், வெறுங்காலுடன் நடக்கவிட்டார். வாடிக்கையாளருக்கு உடை காட்டி விற்கும் பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. விற்க முடியாத சரக்கு என்று ஒதுக்கினார்கள்.

இடுப்பிறுக்கியை ஒழித்தவர் யார் என்ற வழக்கு ஆடைக்கலை வரலாற்றில் ஓயாமல் நடக்கிறது. போல் புவாரே என்ற பாரீஸ் ஆடைக்கலைஞர் அதைத் தம் சாதனை என்று பறைசாற்றினார். வியோனேயும் தம்முடையது என்றார். மருத்துவர்களின் எச்சரிக்கை, மிதிவண்டி, டென்னிஸ், பிறகு பெண்களை ஆலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அழைத்துச் சென்ற முதல் உலகப்போர் எல்லாம் சேர்ந்து செய்ததை ஒரு தையலகத்தின் கணக்கில் எழுதுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. புவாரே இடுப்பை அவிழ்த்த கையோடு கணுக்காலைக் கட்டிப்போடும் குறுகிய பாவாடையை அறிமுகப்படுத்தியவர் என்பதையும் மறக்க வேண்டியதில்லை. இடுப்பிறுக்கி போனபின் உடலுக்கு வடிவம் தருவது எது என்ற கேள்விதான் முக்கியமானது. அதற்குப் பெரும்பாலோர் தந்த விடை, வடிவமே வேண்டாம், நேராகத் தொங்கும் குழாய்போல் உடை இருக்கட்டும் என்பது. 1920களின் பல உடைகள் அப்படிப்பட்டவையே. வியோனேயின் விடை வேறு.

அதைப் புரிந்துகொள்ளத் துணியின் அமைப்பைப் பார்க்க வேண்டும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் செங்கோணத்தில் பின்னிக்கொள்கின்றன. பாவின் திசையிலோ ஊடையின் திசையிலோ துணியைப் பிடித்து இழுத்தால் அது நீள்வதில்லை, ஏனென்றால் இழுவிசை நேராக நூலின் மீதே விழுகிறது. மூலைவாட்டமாக, அதாவது 45 பாகைக் கோணத்தில் இழுத்தால், நூல்கள் நீளாமலேயே ஒன்றன்மேல் ஒன்று திரும்பிக்கொடுக்கின்றன. நெசவின் ஒவ்வொரு சிறு சதுரமும் சாய்சதுரமாகிறது. துணி நீளவாக்கில் இளகி, அகலவாக்கில் ஒடுங்குகிறது. விட்டால் பழைய நிலைக்கு ஏறத்தாழத் திரும்புகிறது. நம் ஊர்த் தையற்கடைகளில் கிராஸ் கட் பிளவுஸ் என்று கேட்டு வாங்குவதன் அடிப்படை இதுவே: முன்பக்கத் துண்டை மூலைவாட்டமாக வைத்து வெட்டினால் மார்புப் பகுதியில் துணி தானே கொடுத்துப் பொருந்துகிறது. கழுத்தோரத்துக்குக் கிராஸ் பீஸ் வெட்டுவதும் அதற்காகவே. நேராக வெட்டிய பட்டி வளைவில் உட்காராது.

இந்தக் குணத்தை வியோனே கண்டுபிடித்தார் என்று எழுதுவது தவறு. பின்னலாடை வருமுன் இடைக்கால ஐரோப்பியர் தங்கள் காலுறைகளை மூலைவாட்டத் துணியில்தான் வெட்டினார்கள். அவருக்கு முந்தைய தையற்காரர்கள் கழுத்துப்பட்டி, ஓரப்பட்டி, பாவாடையின் சில துண்டுகள் என்று உறுப்புகளுக்கு அதைப் பயன்படுத்தி வந்தார்கள். முழு உடையையும், தோளிலிருந்து பாதம்வரை, மூலைவாட்டத்தின் மீதே நிறுத்தலாம் என்று துணிந்ததுதான் வியோனேயின் பங்கு. இதனால் நிகழ்ந்த மாற்றம் பெரிது. வழக்கமான தையலில் துணி ஒரு தட்டையான பொருள். அதை உடலின் வளைவுக்குக் கொண்டுவர டாட் (கூராக மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடிக்க வேண்டும், துண்டு துண்டாக வெட்டி மூட்ட வேண்டும், உள்ளே எலும்புபோல் கம்பிகளும் விறைப்புத் துணியும் வைக்க வேண்டும். மூலைவாட்ட உடையில் துணியின் எடையே அதைக் கீழே இழுக்கிறது, இழுபட்ட துணி இடுப்பில் தானே ஒடுங்குகிறது, இடுப்பெலும்பின் மேல் தானே விரிகிறது. கொக்கியும் பொத்தானும் இல்லாமல் தலைவழியாக மாட்டிக்கொள்ளலாம். உடுத்தியவள் சிரித்தால் உடையும் கூடச் சிரிக்க வேண்டும் என்று அவர் சொன்னதாக வழங்கும் வாக்கியத்தைப் பலரும் கவித்துவமாக எடுத்துக்கொள்கிறார்கள். துணியின் இயல்பைப் பற்றிய நேரடியான தொழிற்கூற்றாகவே அதை நான் வாசிக்கிறேன்.

தொல்லைகளும் அதே அளவுக்கு உண்டு. மூலைவாட்டத்தில் வெட்டிய துணி வெட்டிய இடத்தில் நிற்காது. தொங்கத் தொங்க நீளும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் நீளாது. ஆகவே அடிமடிப்பு தைக்குமுன் உடையைத் தொங்கவிட்டுக் காத்திருந்து, பிறகு ஓரத்தைச் சமன்செய்ய வேண்டும். மூட்டுத் தையல் இழுபட்டுச் சுருங்கும். இயந்திரத் தையலின் இறுக்கமான நூல் துணியோடு நீள மறுத்து அறுந்துபோகும். துணியும் கூடுதலாகத் தேவைப்படும். இந்தக் கடைசித் தொல்லைக்கு விடைகாண, பியான்கினி-ஃபெரியே என்ற லியோன் பட்டு நிறுவனம் அவருக்கென்றே வழக்கத்தைவிட மிகவும் அகலமான பட்டு கிரேப் துணிகளை நெய்து கொடுத்தது. கிரேப்பைத் தேர்ந்தது தற்செயல் அன்று. மிகையாக முறுக்கிய நூலால் நெய்த துணி அது. அம்முறுக்கு துணிக்குத் தரும் துள்ளலும் எடையும் மூலைவாட்டத்துக்கு ஏற்றவை. அதுவரை பெரும்பாலும் உள்துணிக்குப் பயன்பட்ட மெல்லிய கிரேப்பை அவர் வெளியுடையின் முதன்மைத் துணியாக்கினார்.

அவர் வரையவில்லை என்பதும் இங்கே சேர்ந்து வருகிறது. ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் உயரமுள்ள, மூட்டுகள் அசையும் ஒரு மரப்பொம்மையைச் சுழலும் பியானோ முக்காலியின் மேல் நிறுத்தி, அதன்மீது துணியைச் சுற்றியும் வெட்டியும் குத்தியும் ஒவ்வோர் உடையையும் சிறிய அளவில் செய்து முடிப்பார். பிறகு அவருடைய உதவியாளர்கள் அதை முழு அளவுக்குப் பெருக்குவார்கள். காகிதத்தில் வரைகிறவர் முன்பக்கத்தை ஒரு படமாகவும் பின்பக்கத்தை இன்னொரு படமாகவும் பார்ப்பார்; இரண்டையும் பக்கத் தையல் இணைக்கும். பொம்மையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கிறவருக்கு முன்னும் பின்னும் தனித்தனியாக இல்லை. வியோனேயின் உடைகளில் பக்கத் தையல் பல சமயம் இல்லாமலே போவதற்கும், ஒரு தையல் தோளில் கிளம்பி உடலைச் சுற்றிக்கொண்டு முதுகில் முடிவதற்கும் காரணம் இது.

முதல் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அவர் செய்த ஓர் உடை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்கு சதுரத் துண்டுகள்; ஒவ்வொன்றும் ஒரு மூலையைத் தூக்கிப் பிடித்தாற்போல் தொங்குகிறது; முன்னிரண்டும் பின்னிரண்டும் தோளில் இணைகின்றன. மூலையால் தொங்குவதால் துணியின் நேர்நூல் சாய்ந்து, உடலின் நீளத்தில் மூலைவாட்டம் வந்து விழுகிறது; கீழே நான்கு முனைகள் கைக்குட்டை நுனிகளைப்போல் இறங்குகின்றன. வெட்டியதென்று சொல்ல அதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சதுரம், வட்டம், முக்கோணம், நீள்சதுரம் என்ற அடிப்படை வடிவங்களைக் கொண்டே அவர் உடைகளைக் கட்டினார் என்பதால்தான் பழங்கால வடிவியல் அறிஞரின் பெயரால் ஆடைக்கலையின் யூக்ளிட் என்ற பட்டம் அவருக்கு வந்தது. பிடரியில் கட்டும் ஹால்டர் கழுத்தையும் மார்பின்மேல் தளர்ந்து மடிந்து விழும் கழுத்தையும் பரவலாக்கியவராகவும் அவரையே சொல்வர்.

அலங்காரமும் இந்தக் கணக்குக்கு உட்பட்டே இருந்தது. மணியும் சரிகையும் வைத்துக் கனமாகத் தைத்தால் மூலைவாட்டத் துணி அசைய முடியாமல் விறைத்துவிடும். பூவேலையை நேர்நூலின் திசையிலேயே ஓடவிட்டால் துணியின் இளக்கம் கெடாது என்பது அவருடைய தையலகம் கண்ட வழி. இதை நிறைவேற்றியவர்களுள் ஒருவர் அவரிடம் பூவேலைப் பொறுப்பில் இருந்த மரி-லூயிஸ் ஃபாவோ. அவர் அல்பேர் லெசாழை மணந்தார். அந்த லெசாழ் 1924இல் மிஷோனே என்ற பழைய பூவேலையகத்தை வாங்கி நிறுவியதுதான் இன்று உலகின் மிகப் புகழ்பெற்ற பூவேலைப் பெயரான லெசாழ். குழல்மணிகளைக் கொக்கி ஊசியால் பதிக்கும் அவர்களுடைய லூனெவில் வேலை, நம் ஊரில் இப்போது மணப்பெண் பிளவுஸ்களில் தெருவுக்குத் தெரு காணும் ஆரி வேலையின் உறவுமுறைதான். கொக்கியால் சங்கிலித் தையல் போடும் இந்த உத்தி பதினெட்டாம் நூற்றாண்டில் கீழைநாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. அல்பேர், மரி-லூயிஸ் தம்பதியின் பேரனான ஜான்-ஃபிரான்சுவா லெசாழ் 1990களில் சென்னைக்கு வந்து வஸ்திரகலா என்ற பூவேலைக்கூடத்தைத் தொடங்கினார். வியோனேயின் தையலகத்தில் கிளைத்த ஒரு குடும்பத் தொழில் இப்படித் தமிழ்நாட்டுக் கைகளை வந்தடைந்திருக்கிறது.

தொழில் நடத்தியவராக அவர் வாழ்க்கை நேர்கோடாகப் போகவில்லை. 1912இல் பாரீஸின் ரிவோலி தெரு 222ஆம் எண்ணில் சொந்த நிறுவனம் தொடங்கினார்; இரண்டே ஆண்டில் போர் வந்து கடையை மூட வைத்தது; போர்க்காலத்தில் ரோமில் தங்கிப் பழங்காலச் சிற்பங்களின் துணிமடிப்புகளை மனதாரப் பார்த்தார். போர் முடிந்தபின் மீண்டும் திறந்தார். 1923இல் மோந்தேன் நிழற்சாலை 50ஆம் எண்ணில் ஒரு மாளிகைக்கு மாறியபோது பின்னால் நின்ற முதலாளிகளுள் கலரி லஃபயேத் என்ற பெருங்கடையின் தெயோஃபீல் பாதேரும் இருந்தார். வரவேற்பறையின் சுவர்களை ஜார்ஜ் த ஃபேர் அழகுபடுத்தினார். நிறுவனத்தின் சின்னத்தை, தூணின் மேல் நின்று தன் உடையின் நூல்களைத் தூக்கிப் பிடித்த பெண்ணாக, தயாத் என்ற இத்தாலிய எதிர்காலவியக் கலைஞர் வரைந்தார். உச்சத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலைசெய்தார்கள்.

அவர்களை அவர் எப்படி வைத்திருந்தார் என்பது தனியே பேச வேண்டியது. அக்காலப் பாரீஸில் தையற்பெண்களின் நாள் நீண்டது, கூலி குறைந்தது, பருவம் முடிந்தால் வேலையும் முடிந்தது. 1917 மே மாதத்தில் அவர்கள் தெருவில் இறங்கி வேலைநிறுத்தம் செய்துதான் சனிக்கிழமை அரைநாள் விடுப்பைச் சட்டமாகப் பெற்றார்கள். அந்தப் பின்னணியில் மோந்தேன் நிழற்சாலைக் கட்டடத்தின் தையற்கூடங்கள் வெளிச்சமும் காற்றும் உள்ளவையாக இருந்தன; முதுகில்லாத முக்காலிகளுக்குப் பதிலாகச் சாய்மானம் உள்ள நாற்காலிகள் போடப்பட்டன; உணவுக்கூடம், மருத்துவர், பல் மருத்துவர், குழந்தைகள் காப்பகம், பிள்ளைப்பேற்று விடுப்பு, ஊதியத்துடன் விடுமுறை ஆகியவை இருந்தன. பிரான்சில் ஊதிய விடுமுறை எல்லாத் தொழிலாளர்களுக்கும் சட்டமானது 1936இல்தான். இவற்றைக் கருணை என்று மட்டும் சொன்னால் பாதியே சொன்னதாகும். மூலைவாட்டத்தில் பழகிய கையை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். அப்படி உருவான ஒருத்தி அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டால் போவது தொழில் இரகசியமும்தான். பன்னிரண்டு வயதில் முக்காலியில் உட்கார்ந்த நினைவும் ஒரு முதலாளியின் கணக்கும் இங்கே ஒன்றுக்கொன்று முரண்படாமல் சேர்ந்திருந்தன.

இரகசியம் வெளியேறிய வேறு வழிகளும் இருந்தன. பாரீஸ் மாதிரிகளை வெளிநாட்டுக் கடைக்காரர்கள் பணம் கொடுத்து வாங்கிப் பெருக்கிக்கொள்வது முறையான வணிகம். அதற்குப் பக்கத்திலேயே, காட்சியின்போது மனத்தில் பதித்துக்கொண்டு வெளியே போய் வரைபவர்கள், ஒரு வாடிக்கையாளரிடம் உடையை ஓரிரவுக்கு இரவல் வாங்கிப் பிரித்துப் பார்ப்பவர்கள் என்று முறையற்ற வணிகம் ஒன்றும் கொழித்தது. வியோனே இதை எதிர்த்த விதத்தில் ஒரு கணக்காளரின் பிடிவாதம் தெரிகிறது. ஒவ்வோர் உடையையும் மாதிரிப் பெண்ணுக்கு அணிவித்து, முன், பின், பக்கம் மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி மடிப்புக் கண்ணாடியின் முன் நிறுத்திப் படமெடுத்து, எண்ணிட்டு, ஆல்பத்தில் பதிந்து உரிமைச் சான்றாக வைத்தார். உடையில் தைக்கும் பெயர்த் துண்டில் தம் கையொப்பத்துடன் வலது கட்டைவிரல் ரேகையையும் பதித்தார். நிறுவனத்தின் மேலாளர் லூயி தாஞ்செல் முன்னின்று நடத்த, ஆடை மாதிரிகளைக் கலைப்படைப்பாகக் கருதிக் காக்க வேண்டும் என்று போராடும் சங்கம் ஒன்று 1923இல் உருவானது, வழக்குகளும் தொடுக்கப்பட்டன.

பிரெஞ்சுச் சட்டம் இதற்கு இடம் கொடுத்தது. அங்கே கலைக்கும் பயன்பாட்டுக் கலைக்கும் இடையே உரிமை வேறுபாடு காட்டாத மரபு இருந்ததோடு, வடிவமைப்புகளைப் பதிவுசெய்து காக்க 1909இல் தனிச்சட்டமும் வந்திருந்தது. அமெரிக்காவில் உடை ஒரு பயன்பொருள். அதன் வெட்டுக்குப் பதிப்புரிமை இல்லை, இன்றும் பெரும்பாலும் இல்லை. மிகப்பெரிய சந்தை அங்கேதான் என்பதால் பாரீஸ் நீதிமன்றத்தில் பெறும் வெற்றிக்கு எல்லை உண்டு. அதைவிட முக்கியமான எல்லை வேறொன்று: ஒரு குறிப்பிட்ட உடையை நகலெடுப்பதைத் தடுக்கலாம், துணியை மூலைவாட்டமாக வெட்டுவதை யாரும் தடுக்க முடியாது. 1930களில் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் வழவழப்பான வெள்ளை சாட்டினை மூலைவாட்டத்தில் வெட்டி ஜீன் ஹார்லோ போன்ற நடிகையருக்கு அணிவித்தபோது, அந்தத் தோற்றம் உலகெங்கும் ஹாலிவுட்டின் தோற்றமாகவே அறியப்பட்டது.

1939 ஆகஸ்டில் கடைசித் தொகுப்பைக் காட்டியபின், இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் வியோனே நிறுவனத்தை மூடினார். அறுபத்துமூன்று வயது, மீண்டும் திறக்கவில்லை. அவரிடம் வேலைசெய்த மத் மால்தெஸோ, சூசி கார்பாந்தியே இருவரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனமும், கடைசி ஆண்டுகளில் அவரிடம் பயின்ற ஜாக் கிரீஃபின் நிறுவனமும் வெட்டுமுறையைத் தொடர்ந்தன. ஆனால் 1947இல் தியோரின் முதல் தொகுப்பு வந்தபோது காற்று எதிர்த்திசையில் வீசத் தொடங்கிவிட்டது. பிடிப்புத் துணி, உள்விறைப்பு, இடுப்பை இறுக்கும் கச்சு என்று வியோனே வெளியேற்றிய அத்தனையும் வெற்றிமுழக்கத்துடன் திரும்பி வந்தன. ஷனேலும் போரில் கடையை மூடியவர்தான். அவருக்கு 1921இல் வெளிவந்த ஐந்தாம் எண் வாசனைத் தைலம் இருந்தது, பெயரை மக்கள் மறவாமல் அது பார்த்துக்கொண்டது, 1954இல் அவரே திரும்பியும் வந்தார். வியோனேக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. தம்மைப் பற்றிய கதைகளைப் பத்திரிகைக்குத் தீனியாகப் போடும் இயல்பும் அவருக்கு இல்லை.

அவர் செய்த ஒரு காரியம் எல்லாவற்றையும் ஈடுகட்டியது. 1952இல், தம்மிடமிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட உடைகளையும், காடாத் துணி மாதிரிகளையும், 75 பதிவு ஆல்பங்களையும் பிரெஞ்சு ஆடைக்கலைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். ஆடை என்பது அருங்காட்சியகத்துக்கு உரிய பொருளா என்று பலர் ஐயுற்ற காலம் அது. அத்தொகுப்பு இன்று பாரீஸின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2009இல் அங்கே அவருக்கெனப் பெரிய கண்காட்சி நடந்தது. அதற்கு வெகுமுன்பே, 1973இல், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் டயானா விரீலண்ட் நடத்திய கண்காட்சியில் அவர் உடைகளைக் கண்ட ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாக்கே, தம் பாதையைத் தீர்மானித்தவற்றுள் ஒன்றாக அந்தக் காட்சியைக் குறிப்பிட்டிருக்கிறார். வியோனே ஜப்பானிய அச்சோவியங்களைச் சேகரித்தவர். துணியை உடலுக்கென வளைத்து வெட்டாமல் மதிக்கும் கிமோனோவிடம் பாடம் கற்றவர். அந்தப் பாடம் பாரீஸ் வழியாகச் சுற்றி ஒரு ஜப்பானியரிடம் போய்ச் சேர்ந்தது. ஆடைக்கலைஞர் அஸ்ஸெதின் அலாயா வியோனேயின் உடைகளைச் சேகரித்து அவற்றின் அமைப்பை ஆராய்ந்தார். 1990களில் ஆடை வடிவமைப்பாளர் ஜான் கலியானோ மூலைவாட்டத்தில் வெட்டிய, உள்பாவாடைபோல் மெல்லிய பட்டு உடைகளைத் தம் அடையாளமாக்கினார். 1996 டிசம்பரில் இளவரசி டயானா நியூயார்க்கில் அணிந்த, தியோர் நிறுவனத்துக்காகக் கலியானோ வடிவமைத்த கருநீல உடை அந்த வகைதான். தியோரின் பெயரில் வியோனேயின் வெட்டு என்பது ஆடைக்கலை வரலாறு அறிந்தவர்களுக்குச் சற்றே புன்னகை வரவழைக்கும் செய்தி.

வியோனே 1975 மார்ச் 2 அன்று, 98 வயதில் பாரீஸில் காலமானார். பெயரை வாங்கியவர்கள் 2006 முதல் அதில் புதிய உடைத் தொகுப்புகளை வெளியிடத் தொடங்கினார்கள்; உரிமையாளர்கள் மாறினார்கள், வடிவமைப்பாளர்கள் மாறினார்கள், 2018இல் அதுவும் நின்றுபோனது. ஆல்பங்களுக்கு வேறு கதி நேர்ந்தது. பெட்டி கர்க் என்ற அமெரிக்க ஆடைப் பாதுகாப்பு வல்லுநர் பல்வேறு தொகுப்புகளில் இருந்த வியோனே உடைகளை ஆண்டுக்கணக்கில் அளந்து, அவற்றின் வெட்டுருக்களைத் தாளில் மீட்டெடுத்து 1990களில் வெளியிட்டார். தோக்கியோவின் புன்கா ஆடைக்கல்லூரியிலும் அவற்றை மீண்டும் தைத்துப் பார்த்து ஆராய்ந்தார்கள். நகலெடுப்போரைத் தடுக்கவென்று மூன்று பக்கமும் தெரியும்படி எடுத்த அந்தப் படங்களைத்தான் இப்போது மாணவர்கள் எதிரில் வைத்துக்கொண்டு, காடாத் துணியை மூலைவாட்டமாக மடித்து, எந்தத் தையல் எங்கே திரும்புகிறது என்று தேடுகிறார்கள்.